தண்ணிக்கு வழி விடுங்க!

எண்ணூர் அலையாத்திக் காடு பற்றிய கேள்விகளே இந்த முறை பையை நிறைத்துவிட்டன. சினிமாக் கேள்விக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள்க.

அலையாத்திக் காடு என்றால் பிச்சாவரம்தானே? விம்கோ நகருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? (தினமும் மெட்ரோ ஏறுகிறவர், விம்கோ நகர்)

நம் பகுதி மழைநீர் மேற்கே பக்கிங்காம் கால்வாயில் இறங்குகிறது. கால்வாய் வடக்கே போய்க் கொசஸ்தலை ஆற்றோடு சேர்ந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. அந்த வழியோரச் சேற்றில்தான் நம் ஊர் அலையாத்தி நிற்கிறது. பிச்சாவரம் போக நீங்கள் ரயில் ஏற வேண்டும். எண்ணூருக்கு நீங்கள் போகாவிட்டாலும் உங்கள் தெருத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் விம்கோ நகருக்குத் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். அலையாத்திக்கும் தீப்பெட்டிக்கும் ஒரு முடிச்சாவது போட முடியுமா? (பழைய விம்கோ தொழிலாளியின் பேரன், திருவொற்றியூர்)

போட்டுவிடலாம். தில்லை மரம் அலையாத்திக் கூட்டத்தைச் சேர்ந்தது. கட்டை மென்மையானது, தீக்குச்சி செய்யப் பயன்பட்ட மரங்களில் அதுவும் ஒன்று. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் ‘தில்லை’ என்று பெயர் வந்ததும் அந்த மரத்தால்தான். விம்கோவில் உரசியது எந்தக் காட்டுக் குச்சி என்பதைத் தாத்தாவிடம்தான் கேட்க வேண்டும்.

மற்ற மரங்கள் உப்புத் தண்ணீரில் கருகிப்போகின்றன. இது மட்டும் எப்படிப் பிழைக்கிறது? (பத்தாம் வகுப்பு மாணவி, எர்ணாவூர்)

எண்ணூரில் அதிகம் நிற்பது வெண்கண்டல். அதனிடம் மூன்று வித்தைகள் உண்டு. உப்பில் பெரும்பகுதியை வேரே உள்ளே விடாமல் நிறுத்திவிடும். தப்பி ஏறியதை இலை வெளியே தள்ளும்; வெயில் நேரத்தில் இலையில் பொடிப்பொடியாக உப்பு மின்னுவதைப் பார்க்கலாம். பிச்சாவரத்தில் என்றால் நக்கிப் பாருங்கள் என்பேன். எண்ணூரில் விரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மூச்சு. சேற்றுக்குள் காற்று இல்லை. அதனால் மரத்தைச் சுற்றிப் பென்சில் பருமனில் நூற்றுக்கணக்கான வேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு மேல்நோக்கி எழும். அவற்றின் தோலில் நுண்துளைகள் இருக்கும். அலை இறங்கிய நேரத்தில் அவை வழியே காற்று கீழே போகும். மூன்றாவது, விதை. மரத்தில் இருக்கும்போதே உள்ளுக்குள் முளைவிடத் தொடங்கிவிடும். சேற்றில் விழுந்ததும் காலம் கடத்தாமல் வேர் பிடிக்கும். ‘மூச்சு வேர்’ என்ற இரண்டு சொல்லைத் தவறாமல் எழுதுங்கள், மார்க் உண்டு.

எண்ணெய் எல்லாம் போயிடுச்சின்னு சொல்றாங்க. மரம் தேறுமா சார்? (மீனவர், நெட்டுக்குப்பம்)

மேலே தெரிந்தது போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே ஆற்றில் இறங்கிக் கழிமுகமெங்கும் பரவியது. சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கடலோரக் காவல் படையின் கணக்கில் பரவிய இடம் சுமார் 20 சதுர கிலோமீட்டர்.

தண்ணீர்மேல் மிதந்ததை அள்ளினார்கள். வேர்மேல் ஒட்டியதை யார் அள்ளுவது? அலை ஏறி இறங்கும் உயரம்வரைக்கும் வேரிலும் அடிமரத்திலும் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. மூக்கில் தார் பூசினால் நமக்கு என்ன ஆகுமோ, அதுதான் மரத்துக்கும் ஆகும். லேசாகப் பட்டிருந்தால் மழையும் அலையும் கழுவிவிட, மரம் புது வேர் விட்டுத் தேறும். சேற்றுக்குள் இறங்கிய எண்ணெய் அப்படிப் போகாது. அங்கே காற்று இல்லாததால் அது சிதையப் பல வருஷம் பிடிக்கும். வளர்ந்த மரம் தாக்குப்பிடிக்கும். விழுகிற விதைதான் திணறும். ஆகவே மரம் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து ஏமாறாதீர்கள். மரத்தடியில் கன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணெய் அள்ள வேறு கருவியே கிடையாதா? ஒவ்வொரு தடவையும் வாளிதானா? (கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெயை இளைஞர்கள் வாளியில் அள்ளினார்கள். 2023-ல் மீனவர்கள் மக்கில் மொண்டார்கள். முன்னேற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. கருவி கைக்கு அடக்கமாகியிருக்கிறது.

கூழைக்கடா வெள்ளைப் பறவையா, பழுப்பா? 2023 படங்களில் பழுப்பாகத் தெரிந்ததே! (பறவைப் பிரியர், ராயபுரம்)

பறவைக்குச் சாம்பல் கலந்த வெள்ளை நிறம். நீங்கள் பார்த்த பழுப்பு எண்ணெயின் நிறம்.

நிவாரணம் கொடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன புலம்பல்? (பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை)

நேரடியாகப் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. எண்ணெயில் தோய்ந்த படகையும் வலையையும் சரிசெய்ய அது எத்தனை தூரம் வரும் என்று ஒரு வலைக்கடையில் விசாரித்துப் பாருங்கள். அதுபோக, மரத்துக்கும் நண்டுக்கும் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. அவற்றுக்கு வங்கிக் கணக்கும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை.

அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றில் கலந்தால் என்ன? சாம்பல் உரம்தானே! (மாடித்தோட்டக்காரர், திருவொற்றியூர்)

உங்கள் கத்தரிச் செடிக்குப் போடுவது விறகுச் சாம்பல். இது நிலக்கரிச் சாம்பல். கன உலோகங்கள் கலந்தது. தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாயில் தள்ளி, செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். வழியில் குழாய் ஒழுகினால் குழம்பு ஆற்றில் விழும். அந்த ஒழுகல் வருஷக்கணக்கில் நடந்தது.

உலோகத்தைச் சோதனைக்கூடத்தில்தான் பார்க்க முடியும். இன்னொரு கேடு கண்ணுக்கே தெரிவது. சாம்பல் படியப் படியப் படுகை உயர்கிறது. அலையாத்திச் சேறு ஏறக்குறைய சமதளம் என்பதால், கொஞ்சம் உயர்ந்தாலே ஏறுகிற அலை எட்டாத இடம் நிறைய ஆகிவிடும். அலை எட்டாத இடத்தில் வெண்கண்டல் வராது. ஒரு காலத்தில் படகு ஓடிய இடத்தில் இன்று முழங்கால் தண்ணீர் என்று காட்டுக்குப்பத்துக்காரர்கள் சொல்வது இதைத்தான். கழிமுகத்தில் படிந்த சாம்பலை அகற்றிச் சீரமைக்கும்படி 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கொட்டியது இருபது வருஷத்துக்கு மேல். அள்ளுவதற்கு எத்தனை வருஷம் எடுத்துக்கொள்வார்கள் என்று பார்ப்போம்.

சூடான தண்ணீரும் விடுகிறார்களாமே, நிஜமா? (குடும்பத் தலைவி, எண்ணூர்)

மின் நிலையத்தில் இயந்திரத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். வேலை முடிந்து வெளியே வரும்போது அது சூடேறியிருக்கும். சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. இறால் குஞ்சு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது. வெந்நீரில் இறாலைப் பார்க்க வேண்டிய இடம் உங்கள் அடுப்படி மட்டும்தான்.

எண்ணூர்க் கழிமுகம் வரைபடத்திலேயே இல்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார். உளறுகிறாரா? (ஆட்டோ ஓட்டுநர், விம்கோ நகர்)

எந்த வரைபடத்தில் என்று கேளுங்கள். 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் கழிமுகம் இருக்கிறது. 1997-ஐச் சேர்ந்த இன்னொரு வரைபடத்தில் காணோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே இரண்டையும் வாங்கிய சூழல் ஆர்வலர்கள் 2017-ல் இதை வெளியே கொண்டுவந்தார்கள். மீனுக்கு வரைபடம் படிக்கத் தெரியாததால் அது வழக்கம்போல வந்துபோய்க்கொண்டிருக்கிறது.

என் மகன் பிறந்தநாளுக்கு எண்ணூர்ச் சேற்றில் 100 அலையாத்திக் கன்று நடலாமென்று ஆசை. ஆசீர்வதியுங்கள். (பெருமிதத் தந்தை, மணலி)

மகனுக்கு ஆசி. கன்றுக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் ஆர்வத்தோடு அலையாத்தி நட்டார்கள். பிற்பாடு 23 இடங்களை ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்தபோது, ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. நட்ட பரப்பு ஆயிரம் ஹெக்டேர் அளவுக்கு. அதில் பிழைத்தது ஐந்தில் ஒரு பங்கு போல. காரணம் எளிமையானது. காலியாக இருக்கிறதே என்று அலை ஓயாமல் மூடியிருக்கும் இடத்தில் நட்டார்கள், அல்லது அலையே வராத மேட்டில் நட்டார்கள். அந்த இடத்துக்கு ஆகாத இனத்தையும் நட்டார்கள்.

இன்னொன்று: காலியாகத் தெரிகிற சேறு காலி இல்லை. அதில் மட்டி, புழு, நண்டு எல்லாம் இருக்கும். அவற்றைத் தின்னப் பறவைகள் வரும். உமரிச் செடி பரவிய உப்புத் திட்டும் அப்படித்தான். அங்கே போய்க் கன்று நடுவது, குடியிருக்கிற வீட்டில் அடுத்தவரைக் குடிவைப்பது. நல்ல சேறு, நல்ல அலை, பக்கத்தில் தாய்மரம், இந்த மூன்றும் இருந்தால் விதை தானாக மிதந்து வந்து முளைக்கும். மூன்றும் இல்லையென்றால் 100 கன்றும் போட்டோவுக்குத்தான்.

அப்படியானால் அழிந்த காட்டை மீட்கவே முடியாதா? (அதே பெருமிதத் தந்தை, கொஞ்சம் கோபத்தோடு)

முடியும். நம் மாநிலத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். பிச்சாவரத்தில் பல பத்தாண்டுகள் கூப்பு முறையில், அதாவது பகுதி பகுதியாக, மரத்தை ஒட்ட வெட்டினார்கள். வெட்டவெளியான சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்தது. நடுவில் பள்ளம் விழுந்தது. பெரிய அலையின்போது உள்ளே வந்த தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது. வருஷா வருஷம் உப்பு ஏறி, உப்பிலேயே வாழும் மரத்துக்கும் தாங்காத உப்பு சேர்ந்துவிட்டது. மேலே மேலே நட்டார்கள். செத்துச் செத்துப் போனது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து மண்வெட்டியை எடுத்தார்கள். பக்கத்து ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். அலை ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்தது. இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போனது. அதற்குப் பிறகுதான் வாய்க்கால் ஓரமாகக் கன்று வைத்தார்கள். காடு திரும்பி வந்தது. முத்துப்பேட்டையிலும் இதே முறையில் மீட்டார்கள். செத்த காட்டுக்கு வைத்தியம் பார்த்தது கன்று இல்லை, வாய்க்கால். கோபம் தணிந்ததா?

எண்ணூரிலும் வாய்க்கால் வெட்டினால் போதுமா? (குடிநீர் வாரிய ஓய்வூதியர், தண்டையார்பேட்டை)

எண்ணூரில் வெட்டுவதற்கு முன்னால் அடைத்ததை எடுக்க வேண்டும். சாம்பல் படிவு ஓர் அடைப்பு. உயர்மின் கோபுரம் நிறுத்த ஆற்றுக்குள்ளேயே மண் கொட்டிப் பாதை போட்டது இன்னொன்று. மீனவர்கள் தண்ணீரில் இறங்கிப் போராடியது நினைவிருக்கும். முகத்துவாரத்தில் ஒதுங்கும் மணல் மூன்றாவது. வாய் மூடினால் உள்ளே தண்ணீர் தேங்கி, கோடையில் உப்பேறும். மழையில் ஊருக்குள் வெள்ளம் ஏறும். பிச்சாவரத்து வைத்தியம் இங்கேயும் பலிக்கும், ஆனால் அடைப்பு போகாமல் வாய்க்கால் வெட்டினால் சாம்பலுக்குப் புதுப்பாதை போட்டுக் கொடுத்ததாகும்.

ஆற்றில் வெள்ளம் வருவது அலையாத்திக்கு நல்லதா, கெட்டதா? (நில புரோக்கர், மீஞ்சூர்)

நல்லது. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இடம்தான் அதற்குப் பிடிக்கும். 1944 முதல் பூண்டி நீர்த்தேக்கம் கொசஸ்தலையின் நல்ல தண்ணீரை நமக்காகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் திறந்துவிடுவதுதான் கழிமுகத்துக்குக் கிடைக்கும் பெரிய குளியல். அந்தக் குளியல் தண்ணீரில் வழியிலுள்ள தொழிற்சாலைகளின் எண்ணெயும் கலந்து வந்தால் குற்றம் வெள்ளத்துடையது அல்ல. நிலத்தை விற்பதற்கு முன் அது ஆற்றின் வழியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாங்குகிறவர் மழைக்காலத்தில் உங்களைத் தேடி வரக்கூடும்.

சதுப்பு என்றாலே கொசு. வெட்டிவிட்டு மண் அடித்தால் நிம்மதியாகத் தூங்கலாமே! (தூக்கமில்லாதவர், எர்ணாவூர்)

டெங்குக் கொசு உங்கள் வீட்டு மொட்டைமாடி டிரம்மை விட்டுவிட்டு உப்புச் சேற்றைத் தேடிப் போகாது. உப்புநீரில் வளரும் கொசு வகைகளும் உண்டுதான். ஆனால் அலை தினமும் ஏறி இறங்குகிற இடத்தில் புழுவை மீன் தின்றுவிடும். மண் அடித்து அலையை மறித்து, நடுவில் குட்டை தேங்கினால் பிறகு கொசுவுக்குத் தாலாட்டு நீங்கள்தான் பாட வேண்டியிருக்கும்.

ஆத்துல கால வெச்சா காக்கா ஆழி கிழிக்குது. இது எங்கிருந்து வந்துச்சு? (கையால் இறால் பிடிக்கிறவர், அத்திப்பட்டு)

மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரையின் சிப்பி அது. கப்பலின் அடியில் ஒட்டியோ, கப்பல் பாரத்துக்காக நிரப்பி வரும் தண்ணீரிலோ பயணம் செய்யக்கூடியது. டிக்கெட் வாங்காமல் வந்து எண்ணூர், பழவேற்காடு என்று குடியேறிவிட்டது. சேற்றின்மேல் கம்பளம் விரித்ததுபோல அடர்ந்து மூடிவிடுவதால், இறால் புதைந்துகொள்ளச் சேறு கிடைப்பதில்லை. நம்மூர் மட்டி மூச்சுமுட்டிச் சாகிறது. சேற்றைத் துழாவிக் கையால் இறால் எடுக்கும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் முதல் அடி. அகற்றச் சொல்லி மீனவர்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள்; பசுமைத் தீர்ப்பாயம்வரை போயிற்று. அகற்றினால் மட்டும் போதாது. அள்ளிய சிப்பியைத் திரும்பத் தண்ணீரோரம் குவித்தால் அடுத்த வருஷம் அங்கிருந்தே கிளம்பும்.

எண்ணூர்ப் பாலத்திலிருந்து பார்த்தால் எல்லாமே பச்சை. எது அலையாத்தி, எது சீமைக் கருவேலம்? (இரண்டு சக்கரப் பயணி, காட்டுப்பள்ளி)

வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் பாருங்கள், லாரிகள் உங்களுக்காக நிற்காது. பொடி இலையும் முள்ளுமாக மேட்டில் நிற்பது சீமைக் கருவேலம். தண்ணீரை ஒட்டி, மேல்பக்கம் பளபளப்பான பச்சையும் அடிப்பக்கம் வெளிறிய சாம்பல் நிறமுமாக இலை இருந்தால் வெண்கண்டல். காற்று அடிக்கும்போது மரம் நிறம் மாறுவதுபோலத் தெரியும். அலையாத்தி நின்ற இடத்தில் சீமைக் கருவேலம் ஏறியிருந்தால், அங்கே அலை வருவது நின்றுவிட்டது என்று பொருள்.

காடு ஆரோக்கியமாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? செயற்கைக்கோள் படம் போதாதா? (தாவரவியல் மாணவி, சென்னை)

படம் பரப்பைச் சொல்லும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டு அலையாத்தி 45 சதுர கிலோமீட்டர். நாடு முழுவதும் 4,992. எவ்வளவு இருக்கிறது என்பது சரி, எப்படி இருக்கிறது என்பதற்குச் சேற்றில் இறங்க வேண்டும்.

அலை இறங்கிய நேரத்தில் ஒரு மரத்தடியில் குந்துங்கள். மூச்சு வேரின் நுனி சேற்றுக்கு மேலே தெரிகிறதா, சாம்பலுக்குள் புதைந்திருக்கிறதா? வேரில் கறுப்புப் பட்டை இருக்கிறதா? சேற்றில் நண்டு வளை எத்தனை? நண்டு தோண்டுவதால்தான் சேற்றுக்குள் காற்றே போகிறது. வளை இல்லாத சேறு நோயாளிச் சேறு. இரண்டு இலைக் கன்று, முழங்கால் உயரக் கன்று, இடுப்பளவு மரம் என்று மூன்று தலைமுறையும் இருக்கிறதா? உச்சிக் கிளை பட்டுப்போகத் தொடங்கியிருக்கிறதா? கிழவர்கள் மட்டும் இருக்கும் ஊரைச் செயற்கைக்கோள் ‘குடியிருப்பு’ என்றுதான் காட்டும்.

சுனாமி வந்தால் எண்ணூர் அலையாத்தி நம்மைக் காப்பாற்றுமா? (கடற்கரை வீட்டுக்காரர், தாழங்குப்பம்)

2004-ல் கடலூர்ப் பகுதியில் அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வு வந்தது. கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரிய காரணம் என்று வாதாடிய ஆய்வாளர்களும் உண்டு. அலையின் வேகத்தை அடர்ந்த காடு குறைக்கும் என்பதில் சண்டை இல்லை. உங்கள் வீடு கடலைப் பார்த்தபடி இருக்கிறது. எண்ணூர் அலையாத்தி உங்கள் முதுகுப் பக்கம், ஆற்றோரத்தில். எனவே சுனாமி எச்சரிக்கை வந்தால் மரத்தை நம்பி நிற்காமல் ஓடுங்கள்.

சட்டம் என்று ஒன்று இல்லவே இல்லையா? (சட்டக் கல்லூரி மாணவர், ராயபுரம்)

இல்லாமலா? 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறது. 2011-லும் 2019-லும் புதுப்பித்தார்கள். அலையாத்தி அதில் உச்சபட்சப் பாதுகாப்பு வகையில் வருகிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேல் காடு இருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும். 2019-ல் தனியார் நிலத்து அலையாத்திக்கு அந்த இடைவெளி தேவையில்லை என்று தளர்த்தினார்கள். மரத்துக்குத் தான் யார் பட்டாவில் நிற்கிறோம் என்று தெரியும் என்ற நம்பிக்கைதான்.

தொழிற்சாலை நிறைந்த பம்பாயில் அலையாத்தி பிழைத்திருக்கிறதே, அது எப்படி? (முன்னாள் மாலுமி, திருவொற்றியூர்)

அங்கேயும் அழிவு நிறைய. ஆனால் கேட்க ஆள் இருக்கிறது. மகாராஷ்டிர வனத்துறையில் 2012 முதல் அலையாத்திக்கென்றே தனிப்பிரிவு உண்டு. அலையாத்தியை அழிப்பது மக்களின் வாழ்வுரிமையை மீறுவது என்று 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாணே கழிமுகம் 2015-ல் பூநாரை சரணாலயமாகி, 2022-ல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறியது. புல்லட் ரயிலுக்கு மரம் வெட்டக்கூட முதலில் உயர் நீதிமன்றப் படியேறி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அங்கே வெட்டுவதற்கு முன் வெட்டுகிறவர் கோர்ட்டுக்குப் போகிறார். இங்கே மண் கொட்டிய பின் மீனவர் போகிறார்.

எண்ணூர் நண்டு, இறால் விலை ஏன் இப்படி ஏறிவிட்டது? (ஞாயிற்றுக்கிழமை சமையல்காரர், காசிமேடு)

இறால் குஞ்சும் சேற்று நண்டுக் குட்டியும் மடவை, கொடுவா போன்ற மீன்களின் பொடிகளும் பெரிய மீனிடமிருந்து தப்பி வளர்வது அலையாத்தி வேருக்குள்தான். இலை உதிர்ந்து மட்குவதுதான் அங்கே முதல் சாப்பாடு. வேர் குறைந்தால் குஞ்சு குறையும், குஞ்சு குறைந்தால் உங்கள் பை குறையும். விற்கிற அக்காவிடம் பேரம் பேசுவதைவிட, குழாய் போட்டவரிடம் பேசிப் பாருங்கள்.

மகனுக்கு மணலிக் கம்பெனியில் வேலை. நீங்கள் கம்பெனியைத் திட்டினால் எங்கள் சோற்றுக்கு யார் பொறுப்பு? (கவலைப்படும் தாய், மணலி)

நியாயமான கவலை அம்மா. கம்பெனியை மூடு என்று இந்தப் பக்கத்தில் எழுதவில்லை. ஒழுகும் குழாயை மூடு என்றுதான் எழுதுகிறேன். துருப்பிடித்த சாம்பல் குழாயை மாற்ற வெல்டர் வேண்டும். மழைக்கு முன் வளாகத்துக் கால்வாயைச் சுத்தம் செய்யவும், வெள்ளத்தில் எண்ணெய் கலக்காமல் தடுப்புக் கட்டவும் ஆள் வேண்டும். சாம்பலை ஆற்றுக்கு அனுப்பாமல் சிமென்டுக்கும் செங்கல்லுக்கும் அனுப்பவும் ஆள் வேண்டும். இதெல்லாமும் வேலைதான். உங்கள் மகனுக்குச் சம்பளம் வருவதும் பக்கத்துக் குப்பத்து அம்மாவின் மகனுக்கு இறால் கிடைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை.

ஜூலை 26 அலையாத்தி தினமாமே. என்ன செய்ய வேண்டும்? (பள்ளி ஆசிரியர், கத்திவாக்கம்)

1998-ல் அதே நாளில் ஈக்வடாரில் இறால் பண்ணைக்காக அழித்த அலையாத்தியை மீட்கும் போராட்டத்தில் ஒரு கிரீன்பீஸ் ஆர்வலர் மாரடைப்பில் இறந்தார்; பின்னால் யுனெஸ்கோ அந்த நாளையே உலக தினமாக்கியது. பிள்ளைகளுக்குப் பச்சைத் தொப்பி போட்டு ஊர்வலம் விடுவதைவிட, அலை இறங்கும் நேரம் பார்த்து ஆற்றோரம் அழைத்துப்போய் நண்டு வளையை எண்ணச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் திரும்ப எண்ணுங்கள். இரண்டு எண்களையும் பலகையில் எழுதிப்போட்டால் வட்டார அறிக்கையே தயார்.

மத்திய அரசும் ஏதோ அலையாத்தித் திட்டம் வைத்திருக்கிறதே? (போட்டித் தேர்வு எழுதுபவர், வண்ணாரப்பேட்டை)

‘மிஷ்டி’. 2023 பட்ஜெட்டில் அறிவித்தது. வங்காளத்தில் அப்படிச் சொன்னால் இனிப்பு. எண்ணூருக்குப் பரிமாறும்போது சாம்பல் தட்டைக் கழுவிவிட்டு வைத்தால் நல்லது.

வாடகை வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். என்னால் என்ன முடியும்? (தனியார் ஊழியர், விம்கோ நகர்)

நிறைய. தெருமுனை வண்டி சர்வீஸ் கடையில் வடிக்கும் பழைய ஆயில் எங்கே போகிறது என்று பாருங்கள். மழைநீர்க் கால்வாயில் போனால் அது நேரே எண்ணூருக்குத்தான். மழைக்காலத்தில் கால்வாய்த் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால், தேதியும் இடமும் தெரியும்படி படமெடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். 2023-ல் முதல் சாட்சி ஜனங்களின் போன்தான். உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது, “இந்தக் கால்வாய் எங்கே போய் முடிகிறது?” என்று எழுந்து கேளுங்கள். பதில் தெரியாமல் நாலு பேர் முழிப்பதைப் பார்க்கவாவது போகலாம்.

துறை அமைச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு அனுமதி கிடைத்தால்? (கிண்டல்காரர், ராயபுரம்)

“எத்தனை லட்சம் கன்று நட்டீர்கள்?” என்று கேட்க மாட்டேன், அதற்குப் பதில் தயாராக இருக்கும், போட்டோவும் இருக்கும். “எண்ணூரில் எத்தனை குழாயை அடைத்தீர்கள், எத்தனை அடைப்பை எடுத்தீர்கள், இரண்டு வருஷம் கழித்து யாரும் நடாமல் எத்தனை கன்று வந்திருக்கிறது?” என்பேன். ஒரே கேள்விக்குத்தானே அனுமதி என்று உதவியாளர் குறுக்கிட்டால், மூன்றுக்கும் விடை ஒன்றுதான் என்று அவரைச் சமாதானப்படுத்துவேன்.